‘வீட்டுக்கு’ன்னு ஒரு பட்டன்

இப்பல்லாம் எந்த சாப்பாட்டுக் கடைக்குள்ள நுழைஞ்சாலும் கவுண்டர்ல மொதல் கேள்வி ஒண்ணுதான். "இங்கயே சாப்பிடறீங்களா, பார்சலா?" என்ன வேணும்னு நாம வாயத் தொறக்கறதுக்குள்ள அது வந்துடும். அந்தப் பொண்ணையோ பையனையோ குத்தம் சொல்ல முடியாது. அதைச் சொல்லாம கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கு நகரவே நகராது. எனக்கு நல்லாத் தெரியும். அந்தப் பக்கத்தை கடை கடையா ஏறி எறங்கிப் போட்டுக் குடுத்த ஆளுங்கள்ல நானும் ஒருத்தன்.

வெளியில இருந்து பாக்கறவங்களுக்கு அது ஒரு பட்டன். கிச்சன்ல நிக்கறவங்களுக்கு அதுதான் எல்லாமே. மேஜைக்குன்னா தட்டு, சுடச்சுட, இப்பவே. பார்சல்னா டப்பா, கொழம்பு தனியா, மூடி இறுக்கமா. கார்ல வந்து ஹாரன் அடிக்கறவங்களுக்குன்னா அவங்க வந்து நின்னப்புறம்தான் கட்டணும். டெலிவரின்னா பைக்காரர் வர்றப்ப சரியா ரெடியா இருக்கணும், முன்னாடி கட்டினா ஆறிடும், பின்னாடி கட்டினா அவர் மொறைப்பாரு. சோறு ஒண்ணுதான், அது போற வழிதான் வேற வேற.

இதை எனக்குப் புரிய வெச்சது ஒரு கடை. அக்கா தம்பி கடைன்னு சொல்லுவாங்க. போர்டுல வேற பேரு இருந்துச்சு, அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்ல.

நீளமா, ஒடுக்கமா ஒரு ஹால். நடுவுல நடக்க வழி, ரெண்டு பக்கமும் மேஜை. கதவு கண்ணாடியில ஒட்டின எழுத்து பாதி உரிஞ்சு கெடக்கும். வாசல் பக்கம் கல்லா, அங்க தம்பி. கோடியில செவுத்துல ஒரு ஜன்னல், தட்டு நுழையற அளவு. அதுக்கு அந்தப் பக்கம் கிச்சன், அங்க அக்கா. அப்பா விட்டுட்டுப் போன கடை, ரெண்டு பேருக்கும் சமமா.

ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கெடையாது.

நான் முதல் தடவை போனப்ப இது தெரியாது. எப்படி ஆர்டர் எடுக்கறாங்க, எப்படி கட்டறாங்கன்னு பாத்துத் தெரிஞ்சுக்கறதுக்காக ஒரு மத்தியானம் கல்லா பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்தேன். பரிமாறறவர் ஒருத்தர், ஒசரமா, ஒல்லியா, தோள்ல துண்டு. அவரை எல்லாரும் "தபால்"னு கூப்பிட்டாங்க. ஏன் அந்தப் பேருன்னு கொஞ்ச நேரத்துலயே தெரிஞ்சுபோச்சு.

கிச்சன்ல இருந்து அக்கா குரல்: "தபாலு, கல்லாவுல இருக்கறவங்ககிட்ட சொல்லு, மீன் தீந்துபோச்சுன்னு."

தபால் வாயத் தொறக்கறதுக்குள்ள தம்பி: "காது நல்லாத்தான் இருக்கு, கேட்டுச்சுன்னு சொல்லு."

"கேட்டுச்சாமுக்கா."

"கேட்டா சரி. கேட்டும் கேக்காத மாதிரி இருக்கறது சில பேருக்குப் பழக்கம்னு சொல்லு."

"அதையும் சொல்லணுமாக்கா?"

"நான் என்ன வேலைவெட்டி இல்லாமயா சொல்றேன்?"

தபால் என்னைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சாரு. "ஸ்டாம்பு ஒட்டாம எத்தன தபால் பாருங்க தம்பி."

ஆனா ஒரு விஷயம் மட்டும் தபால் வழியா போகாது. ஆர்டர். அதைத் தம்பியே எக்கி நின்னு நேரா ஜன்னலைப் பாத்துக் கூவுவாரு. "மேஜைக்கு மூணு! கையில ஒண்ணு! ரோட்டுக்கு ரெண்டு!" கையிலன்னா பார்சல். ரோட்டுக்குன்னா போன்ல சொன்னவங்களுக்குப் பைக்ல போறது. அக்கா உள்ள இருந்து "ஆச்சு!"ன்னு ஒரே வார்த்தை. அவ்வளவுதான். அதைப் பேச்சுன்னு கணக்குல சேக்கலாமா கூடாதான்னு எனக்குத் தெரியாது. ஆனா நாளெல்லாம் அது நடந்துக்கிட்டே இருக்கும், அவரு கூவுவாரு, அவங்க ஆச்சும்பாங்க.

மத்தியானம் கூட்டம் கொஞ்சம் அடங்கறப்ப தம்பி இன்னொண்ணும் கூவுவாரு, கொஞ்சம் சன்னமா. "வீட்டுக்கு ஒண்ணு." அது அவரோட சம்சாரத்துக்கு. கொஞ்ச நேரத்துல ஜன்னல்ல ஒரு தூக்கு வரும். அதை எடுத்துக்கிட்டு பின்தெருவுல இருக்கற வீட்டுக்குப் போயி குடுத்துட்டு வருவாரு.

சண்டை என்னன்னு தபால்தான் சொன்னாரு, டேபிளைத் தொடைச்சுக்கிட்டே. தம்பி தானா பாத்து ஒரு பொண்ணைக் கட்டிக்கிட்டாராம். அக்கா அப்ப வேற ஒரு எடம் பேசி வெச்சிருந்தாங்க. பொண்ணை மொதல்ல கூட்டிட்டு வந்த அன்னிக்கு, அது காது கேக்கவே, "இவ நம்ம வீட்டுக்கு ஒத்து வரமாட்டா"ன்னு சொல்லிட்டாங்களாம். அந்தப் பொண்ணு செருப்பைக் கூட சரியா மாட்டாம வெளியில போயிடுச்சாம். அன்னிக்கு மூடின வாய்தான் தம்பிக்கு.

"இத்தன வருஷமாவா?"

"பின்ன? ரெண்டும் ஒரே அப்பனுக்குப் பொறந்தது தம்பி. எறங்கி வர்றது அந்த ரத்தத்துலயே கெடையாது."

சாப்ட்வேர் எதுக்கு வாங்கறாருன்னு தம்பி என்கிட்ட ஒளிக்கல. கல்லா மேல கைய ஊனிக்கிட்டு சொன்னாரு.

"தம்பி, ஒரே மெஷின்ல ரெண்டு கடை போட முடியுமா?"

"போடலாம்ணே. கிளை மாதிரி."

"அப்ப மேஜையும் கையிலயும் ஒரு கடை, அது எனக்கு. வண்டியும் டெலிவரியும் ஒரு கடை, அது கிச்சன்காரங்களுக்கு. தனித்தனியா ஓடட்டும். கொஞ்ச நாள் பாத்துட்டு நடுவுல சுவரு எழுப்பிடலாம்னு இருக்கேன். முன்பக்கம் நான் ஒரு அடுப்பு வெச்சுக்கறேன். பின்பக்கத்து சந்து வழியா அவங்க டெலிவரி பாத்துக்கட்டும். ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்க வேணாம் பாருங்க."

"அக்காவுக்குத் தெரியுமாண்ணே?"

"தபால் சொல்லிட்டான். சரின்னுட்டாங்களாம்."

நான் அப்புறம் கிச்சனுக்குள்ள ஸ்கிரீன் மாட்ட எடம் பாக்கப் போனேன். அக்கா கரண்டியோட நின்னாங்க. குள்ளமா, கனமா, புடவையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு. ஜன்னல் பக்கத்துல ஆணி அடிக்கலாமான்னு கேட்டேன்.

"அடிங்க. இனிமே சத்தம் வராதாமே, எல்லாம் இதுல எழுத்தா வருமாமே?"

"ஆமாக்கா. வசதியா இருக்கும். மறந்துபோறது, மாத்திக் கேக்கறது எதுவும் இருக்காது."

"நான் ஒரு நாளும் மாத்திக் கேட்டதில்லயே."

நான் ஆணியைத் தேடற மாதிரி பைக்குள்ள கைய விட்டுக்கிட்டேன். அவங்களே சொன்னாங்க. "சுவரு எழுப்பறாங்களாம். இந்த ஜன்னலையும் சேத்து அடைச்சுடுவாங்கல்ல?"

"அது எனக்குத் தெரியாதுக்கா."

"அடைக்காம எப்படி சுவரு ஆகும்." சொல்லிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிட்டாங்க. கோவம் இல்ல அந்தக் குரல்ல. கோவம் இருந்திருந்தா நான் நிம்மதியா ஆணி அடிச்சிருப்பேன்.

எங்க கம்பெனி சாப்ட்வேர்ல அந்தப் பட்டனுங்களுக்கு தமிழ்ல பேரு ஏற்கனவே போட்டு வந்துச்சு. ஆபீஸ்ல யாரோ உக்காந்து மாத்தினது. மேஜைக்கு, கையில, வண்டிக்கு, வீட்டுக்கு. வண்டிக்குன்னா கார்ல காத்திருக்கறவங்களுக்கு. வீட்டுக்குன்னா டெலிவரி. தம்பிகிட்ட காட்டினேன். "ஓ, தமிழ்லயே இருக்கா, பரவாயில்லயே"ன்னு சந்தோஷப்பட்டாரு. நானும் அப்படியே விட்டுட்டேன். கிச்சன் ஸ்கிரீன்ல அட்ரஸ், போன் நம்பர் எதுவும் வராது. சமைக்கறவங்களுக்கு அது எதுக்குன்னு கம்பெனி யோசனை. மேல பெருசா எந்த வகைன்னு வரும், கீழ என்ன பதார்த்தம்னு வரும். அவ்வளவே.

மெஷின் ஓட ஆரம்பிச்ச அன்னிக்கு மத்தியானம் நான் கிச்சன்ல, கவுத்து வெச்ச அண்டா மேல உக்காந்திருந்தேன். ஸ்கிரீன் ஒழுங்கா வருதான்னு பாக்கணும். ஹால்ல அன்னிக்கு ஒரு மாதிரி அமைதி. தட்டு சத்தம், தண்ணி ஊத்தற சத்தம். கூவல் இல்ல. சாப்பிட வந்த ஒரு பெரியவர் தபால்கிட்ட கேட்டது ஜன்னல் வழியா கேட்டுச்சு. "என்னப்பா, மொதலாளிக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?"

மொதல்ல ரெண்டு மூணு மேஜைக்கு வந்துச்சு. அக்கா ஸ்கிரீனைப் பாத்து, கழுத்தைச் சாய்ச்சு, எழுத்துக் கூட்டிப் படிச்சு, தட்டு போட்டு ஜன்னல்ல வெச்சாங்க. பழக்கத்துல "ஆச்சு!"ன்னாங்க. அந்தப் பக்கம் யாரும் கேக்கல. கேட்டுட்டுக் கேக்காத மாதிரி இருந்தாரான்னும் தெரியாது. அக்கா அதுக்கப்புறம் சொல்லல.

அப்புறம் ஸ்கிரீன்ல வந்துச்சு: வீட்டுக்கு. சோறு, கோழிக் கொழம்பு.

அக்கா நின்னு பாத்தாங்க. வழக்கத்தைவிட சீக்கிரம்னு நெனச்சிருப்பாங்க போல. பின்னாடி ஓரத்து அடுப்புல ஒரு சின்னப் பாத்திரம் இருந்துச்சு, அதுல இருந்து எடுத்துப் போட்டாங்க. நான் அதை அப்ப பெருசா கவனிக்கல.

அடுத்தது: வீட்டுக்கு, மூணு. அதுக்கடுத்தது: வீட்டுக்கு, ரெண்டு.

"தம்பி." அக்கா என்கிட்ட கேட்டாங்க. "இந்தப் பொட்டியில வர்றதெல்லாம் அவங்க அங்க அடிக்கறதுதானே?"

"ஆமாக்கா. அண்ணன் கல்லாவுல அமுத்தினா இங்க வரும்."

"வேற யாரும் அடிக்க முடியாது?"

"முடியாதுக்கா."

"ம்." கூட வேலை செய்யற அம்மாகிட்ட, "அந்தப் பெரிய சட்டிய எறக்கு"ன்னாங்க.

"எதுக்குக்கா? கொழம்புதான் கொதிக்குதே."

"எறக்குன்னா எறக்கேன். கேள்வி கேக்கறா."

புதுசா ஒரு சட்டி வெச்சு, வெங்காயம் நெறைய போட்டு, நெய் ஊத்தி, மெனக்கெட்டு வேற ஒரு கொழம்பு வெச்சாங்க. கோழி கொழையக் கொழைய. அந்தம்மா பக்கத்துல வந்து என்னமோ கேட்டுச்சு, அக்கா தலைய ஆட்டினாங்க. வீட்டுக்கு, வீட்டுக்குன்னு ஸ்கிரீன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. தம்பி டெலிவரிக்கு அன்னிக்கு ஊரெல்லாம் நோட்டீஸ் குடுத்திருந்தாரு, அதான். அக்கா ஒவ்வொண்ணையும் பாத்துப் பாத்துக் கட்டினாங்க. சோறு அமுக்கி அமுக்கி வெச்சாங்க, டப்பா மூடி நிக்கல. நடுவுல முந்தானையால மூஞ்சியத் தொடைச்சாங்க. வெங்காயம்னு நெனச்சேன். வெங்காயம் அரிஞ்சு ரொம்ப நேரம் ஆயிருந்துச்சு.

கூட்டம் அடங்கற நேரத்துல கல்லாவுல போன் அடிக்க ஆரம்பிச்சுது. நான் என்னமோ மெஷின் கோளாறுன்னு பயந்து முன்னாடி ஓடினேன்.

தம்பி போனைக் காதுல வெச்சுக்கிட்டு வேர்த்து நின்னாரு. அடுத்த முனையில இருக்கறவர் பேசறது எனக்கே கேட்டுச்சு.

"ஏங்க, ஆஸ்பத்திரிக்குக் கட்டின சாப்பாட்டை எனக்கு அனுப்பிட்டீங்களா? காரம்னு ஒண்ணு உங்க கடையில இருக்கா இல்லியா? கொழந்தைக்கு ஊட்டற மாதிரி இருக்கு!"

"சார், மன்னிச்சுக்கங்க, பாக்கறேன் சார்."

வெச்சா அடுத்தது. "எங்க வீட்ல யாருக்கும் ஒடம்பு சரியில்லன்னு நான் சொன்னேனா?" அதுக்கடுத்தது. ஒரு வயசான அம்மா மட்டும், "ரொம்ப நல்லா இருந்துச்சுப்பா, நாளைக்கும் இதையே அனுப்பு"ன்னாங்க. தம்பிக்கு அதுதான் கடைசி அடி மாதிரி ஆயிடுச்சு.

"பாத்தீங்களா தம்பி," பல்லைக் கடிச்சுக்கிட்டு சொன்னாரு. "சுவரு எழுப்பறேன்னதும் வேணும்னே பண்றாங்க. டெலிவரியை மொதல் நாளே மண்ணாக்கிட்டாங்க. அவங்க கடைதான் அது, அது கூடத் தெரியல."

அதுக்குள்ள பின்தெருவுல இருந்து ஒரு பொம்பளை வேகமா வந்தாங்க. கையில பார்சல் டப்பா. தம்பி சம்சாரம். கடைக்குள்ள காலை வைக்கல, கதவுக்கு வெளியிலயே நின்னாங்க.

"என்னங்க இது? சமையலுக்குப் புதுசா யாரையாவது போட்டிருக்கீங்களா?"

"ஏன், என்ன?"

"ஒரு வாய் வெச்சேன், காது வழியா பொகை வருது. இத்தன வருஷத்துல உங்க கடைச் சாப்பாட்டுல இப்படி ஒரு காரம் நான் பாத்ததே இல்ல."

தம்பி முழிச்சாரு. "நம்ம கடைச் சாப்பாடே காரந்தானே."

"எங்க காரம்? தெனம் நான் சாப்பிடறனே, எனக்குத் தெரியாதா? இவ்வளவு சப்புன்னு இருந்தும் எப்படி இந்தக் கடை ஓடுதுன்னு நானே யோசிப்பேன். நீங்க மனசு நோகக் கூடாதேன்னு சொல்லல. என் வயித்துக்கு அது ஒத்துக்குதுன்னு விட்டுட்டேன்."

நடந்தது இதுதான். அன்னிக்கு தம்பி கூவக் கூடாதுன்னு முடிவோட இருந்தாரு. சம்சாரத்துக்கு சாப்பாடு எடுக்கணும், ஆனா அதுக்குன்னு மெஷின்ல பட்டன் இல்ல. மேஜை நம்பர் கெடையாது, அட்ரஸ் போட்டா பைக்காரருக்குப் போயிடும். அதனால ‘கையில ஒண்ணு’ன்னு அமுத்தி, சாதாரண பார்சலா வாங்கிட்டுப் போயி குடுத்திருக்காரு. அவரு பேருக்கு ஒரு பார்சல், மேஜையில மத்தவங்க சாப்பிடற அதே கொழம்பு.

தம்பி அந்த டப்பாவைத் தொறந்து பாத்தாரு. கல்லாவுல அடுத்து போறதுக்கு வெச்சிருந்த டெலிவரி டப்பாவைத் தொறந்து பாத்தாரு. ஒண்ணு செவப்பு, ஒண்ணு வெளுப்பு. கொஞ்ச நேரம் ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டே நின்னாரு. அப்புறம் நேரா கிச்சனை நோக்கி நடந்தாரு. நானும் தபாலும் பின்னாடி.

கிச்சன் வாசப்படி கிட்ட போனதும் அவரு கால் தயங்குச்சு. உள்ள போயி எவ்வளவு காலம் ஆச்சோ. அக்கா திரும்பிப் பாக்கல, சட்டியத் தேச்சுக்கிட்டு இருந்தாங்க.

"தபாலு," தம்பி சொன்னாரு, "அந்தப் பின்னாடி அடுப்புல சின்னப் பாத்திரம் எதுக்குன்னு கேளு."

"அக்கா, அந்தச் சின்னப்..."

"காது இருக்கு. அவங்க வீட்டுக்காரிக்கு வயித்துல புண்ணுன்னு அவங்களுக்குத் தெரியாதான்னு கேளு."

"மொதலாளி, வயித்துல..."

"அது இவங்களுக்கு யார் சொன்னதுன்னு கேளு."

தபால் துண்டைத் தோள்ல இருந்து எடுத்து மூஞ்சியத் தொடைச்சாரு. "நான்தான் சொன்னேன். தபால்காரன் வேற எதுக்கு இருக்கேன்? இதுக்கு மேல நீங்களே பேசிக்கங்க, மேஜையில மோர் கேக்கறாங்க." போயிட்டாரு. யாரும் மோர் கேக்கல, ஹால்ல இருந்ததே நாலு பேரு.

ரெண்டு பேரும் தபால் இல்லாம நின்னாங்க. நான் ஒருத்தன் நடுவுல, ஸ்கிரீன் ஒயரைப் பிடிச்சுப் பாத்தேன்.

அக்காதான் ஆரம்பிச்சாங்க, சட்டியப் பாத்துக்கிட்டே. "நல்லபடியா முடிஞ்சுதா?"

"என்னது?"

"உங்க வீட்டு விசேஷம்."

"என்ன விசேஷம்?"

"எனக்கெப்படித் தெரியும்? சொன்னாத்தானே. உங்க பொண்ணு படிப்பு முடிச்சிருக்காளே, அதுக்கா இருக்கும், இல்ல வீட்டுக்கு ஏதாவது பண்ணியிருப்பாங்கன்னு நானா நெனச்சுக்கிட்டேன். வீட்டுக்கு மூணு, வீட்டுக்கு ரெண்டுன்னு வந்துக்கிட்டே இருக்கு. இத்தன பேரு வந்திருக்காங்க, அத்தைக்காரி ஒருத்தி இங்க இருக்கான்னு ஒரு வார்த்தை இல்ல." சட்டிய இன்னும் அழுத்தித் தேச்சாங்க. "கூப்பிடலன்னா போகுது. வந்தவங்க வயிறு நெறைஞ்சு போகணும்னு பாத்துப் பாத்துதான் கட்டினேன். எது உங்க வீட்டுக்காரி வாய்க்குப் போகுமோன்னு எதுலயும் காரம் போடல. குறை ஒண்ணும் சொல்லலியே?"

"ஐயோ அக்கா," தம்பி தலையில கைய வெச்சுக்கிட்டாரு. "அது டெலிவரி! வீட்டுக்குன்னா ஊர்க்காரங்க வீட்டுக்கு! நம்ம வீட்டுக்கு இல்ல!"

அக்கா இப்பத்தான் திரும்பினாங்க. "டெலிவரின்னா ரோட்டுக்குதானே?"

"மெஷின்ல அப்படிப் போட்டிருக்காங்க."

"அதான் பாத்தேன், இன்னிக்கு ரோட்டுக்கு ஒண்ணு கூட வரலியேன்னு." அப்புறம்தான் முழுசா ஒறைச்சுது போல. "அப்ப நான் நெய் ஊத்திக் கட்டினதெல்லாம் எவனெவனுக்கோ போச்சா?"

"ஊரே போன் போட்டுத் திட்டுது. எல்லாரும் வயித்துப்புண்காரன் ஆயிட்டான்."

அக்கா வாயைப் பொத்திக்கிட்டாங்க. சிரிப்பா அழுகையான்னு சொல்ல முடியல. தோள் குலுங்குச்சு. தம்பியும் ஒரு மாதிரி சத்தம் போட்டாரு. ஆனா அது நிக்கல, சிரிப்பு அப்படியே சண்டையா மாறுச்சு. நான் இன்னிக்கு வரைக்கும் அப்படி ஒரு சண்டை பாத்ததில்ல.

"இதைச் சொல்றதுக்கு என்ன? எத்தன வருஷமா தனியா வடிச்சுக்கிட்டு இருக்க?"

"கணக்கு வெச்சுக்கிட்டா சமைச்சேன்?"

"நான் பொதுச் சட்டியில இருந்து அள்ளிக் குடுக்கறன்னு நெனச்சேன்!"

"நீ என்னைப் பத்தி அவ்வளவுதானே நெனப்ப."

"அவளை நம்ம வீட்டுக்கு ஒத்து வரமாட்டான்னு சொன்னது யாரு? நானா?"

"நான்தான் சொன்னேன்! சொல்லிட்டேன்! வாய் தவறிச்சு. அன்னிக்கு சாயங்காலமே தப்புன்னு தெரிஞ்சுது, உன் ரூம் வாசல்ல வந்து நின்னேன். கதவைத் தொறந்தியா நீ?"

"வந்து நின்னது எனக்கெப்படித் தெரியும்? தட்டினியா?"

"தட்டல. நீ தொறப்பன்னு பாத்தேன்."

"தட்டாம எவன் தொறப்பான்!"

"தம்பி தொறப்பான்!"

ஹால்ல இருந்த நாலு பேரும் சாப்பிடறதை நிறுத்திட்டு ஜன்னலைப் பாத்தாங்க. டெலிவரி எடுக்க வந்த பைக்காரர் ஹெல்மெட்டைக் கழட்டிட்டு நின்னாரு. தபால் ஜன்னல்கிட்ட வந்து எட்டிப் பாத்து, "மெதுவா, சாம்பார் தெறிச்சுடப் போவுது"ன்னாரு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல "நீ சும்மா இரு!"ன்னாங்க.

அந்த சத்தத்துல தம்பி சம்சாரம் உள்ள வந்துட்டாங்க. கிச்சன் வாசல்ல நின்னாங்க. அக்கா அவங்களைப் பாத்ததும் சண்டை நின்னுபோச்சு. அந்த மொத நாளுக்கப்புறம் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நேருக்கு நேர் பாத்துக்கிட்டது அப்பத்தான்னு நெனக்கிறேன்.

"ரொம்ப எரியுதா?" அக்கா கேட்டாங்க.

"ஆமாங்க... ஆமாண்ணி." அக்காவை அவங்க அண்ணின்னு கூப்பிட்டது அதுதான் மொதல் தடவை. பழக்கம் இல்லாததால வார்த்தை தடுக்குச்சு.

"உக்காரு. மோர் தரேன். பொறகு சோறு தரேன், சின்னப் பாத்திரத்துல கொஞ்சம் மிச்சம் இருக்கு. ஊருக்கெல்லாம் போனது போக."

அண்டா மேல இருந்து நான் எழுந்து எடம் விட்டேன்.

சாயங்காலம் காப்பி குடிச்சுட்டு நான் பட்டன் பேரையெல்லாம் மாத்தினேன். டெலிவரியை ‘ரோட்டுக்கு’ன்னே போட்டேன், கம்பெனியில திட்டுவாங்கன்னு தெரிஞ்சும். தம்பி கல்லாவுல இருந்து கேட்டாரு, "அப்ப நம்ம வீட்டுக்குன்னு ஒரு பட்டன் தனியா போட்டுடுங்களேன்."

நான் யோசிச்சேன். மேஜை இல்ல, அட்ரஸ் இல்ல, பில்லு இல்ல. மெஷினுக்கு அது எந்த வகையிலயும் சேராது. போடணும்னா சுத்தி வளைச்சு ஏதாவது பண்ணலாம். பண்றேன்னு சொல்லப் போனேன்.

ஜன்னல்ல அக்கா மூஞ்சி தெரிஞ்சுது. "அதுக்கெல்லாம் எதுக்கு பட்டன்? அவனுக்கு வாய் இருக்கில்ல?"

தம்பி தலையைச் சொறிஞ்சுக்கிட்டாரு. கொஞ்ச நேரம் கல்லா டிராயரைத் தொறந்து மூடினாரு. அப்புறம் என் காதுகிட்ட வந்து மெதுவா கேட்டாரு.

"தம்பி, ரெண்டு கடையா பிரிச்சுப் போட்டீங்களே. அதை மறுபடி ஒண்ணாக்க முடியுமா?"

"முடியும்ணே. கொஞ்சம் வேலை இருக்கு."

"பண்ணிடுங்க." அவ்வளவுதான் சொன்னாரு. சுவரைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. கொத்தனாரை வரச் சொல்லியிருந்தாரு போல, போனை எடுத்துக்கிட்டு வெளியில போயி ரொம்ப நேரம் பேசிட்டு வந்தாரு.

நான் உக்காந்து சேத்தேன். ஐட்டமெல்லாம் ஒண்ணா வந்துச்சு, விலையெல்லாம் ஒண்ணா வந்துச்சு. கடைசியில மெஷின் ஒரு கேள்வி கேட்டுது. ரெண்டு கடையில எந்தக் கடை நிலைக்கணும், எது அதுக்குள்ள போகணும்? நிலைக்கறது யாரு பேருல இருக்கோ அவங்கதான் மொதலாளின்னு மெஷின் எடுத்துக்கும். முன்கடை தம்பி பேரு, பின்கடை அக்கா பேரு. கேக்காம செய்யக் கூடாதேன்னு ரெண்டு பேரையும் கூப்பிட்டேன்.

"அக்கா பேருலயே இருக்கட்டும்," தம்பி சொன்னாரு. "மூத்தவங்க."

"எனக்கெதுக்கு? கல்லாவுல உக்கார்றது அவன். அவன் பேருலயே போடுங்க."

"நான் சொன்னா ஒரு தடவையாவது கேளேன்."

"நீ மட்டும் கேட்டுக் கிழிச்சிட்ட பாரு."

"தம்பி, நீங்க அக்கா பேருல அமுத்துங்க."

"அமுத்தினீங்கன்னா நாளைக்கு நான் அடுப்பு பத்த வைக்க மாட்டேன்."

இது தீர்ற மாதிரி தெரியல. தபால் சேரை எல்லாம் கவுத்து மேஜை மேல ஏத்திட்டு வந்து என் பக்கத்துல நின்னாரு. அவங்க ரெண்டு பேரும் ஜன்னலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்னு கத்திக்கிட்டே இருந்தாங்க. அக்கா அப்பாவை இழுத்தாங்க, தம்பி அம்மாவை இழுத்தாரு. சின்ன வயசுல யாரோ யாரு ஸ்லேட்டை ஒடைச்சது வரைக்கும் போயிடுச்சு.

"தம்பி, எதையாவது ஒண்ணை அமுத்துங்க," தபால் என்கிட்ட சொன்னாரு. "இவங்களுக்கு பேச எடம் கெடைச்சிருக்கு. இப்போதைக்கு முடிக்க மாட்டாங்க."

நான் ஒண்ணை அமுத்தினேன். ஸ்கிரீன்ல ஒரே கடை வந்துச்சு.

அதுக்கப்புறம் பல வருஷம் அந்தக் கடைக்கு நான்தான் சர்வீஸ் பாத்தேன். மெஷின் மாறுச்சு, கம்பெனி மாறுச்சு, டெலிவரின்னா போன்லயே எல்லாரும் சொல்ற காலம் வந்துச்சு. போறப்பல்லாம் அக்கா ஜன்னல் வழியா தலைய நீட்டி, "தம்பி, அன்னிக்கு யார் பேரை அமுத்தினீங்க? நெஜத்தைச் சொல்லுங்க"ன்னு கேப்பாங்க. கல்லாவுல இருந்து தம்பி, "சொல்லாதீங்க தம்பி, சொன்னா ரெண்டு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும்"பாரு.

நான் சொன்னதில்ல. சோறு போடுங்கக்கா, பசிக்குதும்பேன். மேஜைக்கா, கையிலயான்னு அவங்க கேட்டதே இல்ல, நேரா கிச்சனுக்குள்ள கூப்பிட்டு அண்டா மேல உக்கார வெச்சுடுவாங்க.